தம்ளரைக் கவிழ்த்த கை

சென்ற வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கூட வேலை பார்க்கும் நர்ஸ் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் ஓர் எவர்சில்வர் தம்ளர். ஒரு மர மேசையின் மேல், முக்கால்வாசி தண்ணீரோடு, வாய் மேலே பார்க்க நின்றுகொண்டிருந்தது. அவள் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். காட்சி கொஞ்சம் ஓடியது. ஒரு பெண் போலீஸ் அதிகாரி வாசலில் நின்று ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினாள். அதே மேசை, அதே தம்ளர். இப்போது அது கவிழ்ந்திருந்தது. "அக்கா, இத ஒண்ணு பாருங்க. செத்தவன் குடிச்ச வெஷத் தண்ணி இதுக்குள்ளதான் இருக்கு. இவ ரெண்டு வார்த்த பேசித் திரும்பியதுக்குள்ள தம்ளர் கவுந்து இருக்கு. தண்ணி எங்க போச்சி? யாரு கவுத்தா? தொடர் முடியிற வரைக்கும் ஒருத்தரும் சொல்லல்ல," என்று சிரித்தாள். தேங்காய்ப்பட்டணத்துக்காரி. நான் எதைப் பார்த்தாலும் ஓட்டை கண்டுபிடிப்பேன் என்று அவளுக்குத் தெரியும்; அதனால்தான் எனக்காக எடுத்து வைத்திருந்தாள். நானும் சிரித்தேன். அந்த மேசை எங்கள் வீட்டு மேசை என்றோ, அந்தத் தம்ளரில் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான் என்றோ சொல்லவில்லை. கவிழ்த்தது யார் என்று எனக்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை. நோயாளி வந்துவிட்டார் என்று எழுந்து உள்ளே போனேன். நோயாளி யாரும் வரவில்லை.

கவிழ்த்தது என் அத்தை. அப்பாவின் கூடப் பிறந்த தங்கை, கல்யாணம் ஆகாதவர். சுசீந்திரத்துக்குப் போகிற வழியில், வயலை ஒட்டி இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டில் பிறந்து, அங்கேயே இருந்து, அங்கிருந்தே கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர். ஆசிரியப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த வயதில் தலைக்குள் சத்தம் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கி, தூக்கம் போய், சாப்பாடு போய், கடைசியில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சில மாதம் இருந்துவிட்டு வந்தார். நான் பிறப்பதற்கு முந்திய கதை அது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தைக்கு ஒரு குறையும் கிடையாது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, அவ்வளவுதான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அப்பா விழுங்கியவை அதைவிட அதிகம். ஆனால் அப்பாவின் மாத்திரை டப்பா மேசை மேல் எல்லாரும் பார்க்க இருக்கும். அத்தையின் மாத்திரை அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும்.

அத்தைக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டில் எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். தாத்தாவின் நாற்காலி ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். சுவர்க் கடிகாரம் நிற்கக் கூடாது. பைபிள் வசனக் காலண்டரில் காலையில் முதல் வேலையாக நேற்றைய தாளைக் கிழித்துவிட வேண்டும். குடித்த தம்ளரைக் கழுவி, மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்த தம்ளர் ஒன்று மேசையில் நின்றால் அத்தைக்கு இருப்புக் கொள்ளாது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கையில் வேண்டுமென்றே நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டு ஒளிந்து நின்று பார்ப்போம். கோபப்பட மாட்டார். வந்து, திருப்பி வைத்துவிட்டு, "சாமானம் எல்லாம் அதது எடத்துல இருந்தா எனக்க தலைக்குள்ள சத்தம் இல்ல மக்கா, அதாக்கும்," என்பார். உபதேசியாராக இருந்த தாத்தாவின் வாட்ச்சை அவர்தான் கட்டிக்கொண்டிருந்தார். சாவி கொடுக்கிற பழைய ஆம்பிளை வாட்ச். மெலிந்த கையில் அது நிற்காது, சுற்றிச் சுற்றி வரும். அதனால் முகப்பை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். நேரம் பார்க்கும்போது பிச்சை வாங்குகிறவர் மாதிரி கையை விரிப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். ஊரில் அந்தக் கையைத் தெரியாதவர்கள் கிடையாது.

ஊருக்குத் தெரிந்த அத்தையை வெளியாருக்குத் தெரியாமல் வைத்திருக்க எங்கள் வீடு நன்றாகப் பழகியிருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அத்தை ஆரல்வாய்மொழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். "நாலு நாள் காத்து வாங்கிட்டு வா," என்று அப்பா அனுப்பினார். ஆனி மாதம், அங்கே மனுஷனைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று. அத்தையும் காற்று வாங்கத்தான் போகிறோம் என்பது போல ஒரு பையில் இரண்டு சேலையை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் நிறையப் படங்கள் மாட்டியிருக்கும். தாத்தா, பாட்டி, அப்பா அம்மா கல்யாணம், என் ஞானஸ்நானம், திடப்படுத்தல், தலைமையாசிரியராக ஓய்வுபெற்ற அன்று மாலையோடு அப்பா. ஒன்றில்கூட அத்தை இல்லை. படம் எடுக்கிற நேரத்தில் அவருக்கு எப்போதும் அடுக்களையில் ஏதாவது வேலை இருக்கும். அந்த வேலையை யார் கொடுத்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தத் தொடர்க்காரர்கள் வந்தது என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருடம். பழைய ஓட்டு வீடு, பின்னால் வயல், தூரத்தில் மலை என்று தேடிக்கொண்டு வந்தவர்களுக்கு எங்கள் வீடு பிடித்துவிட்டது. ஒரு பெரிய குடும்பத்தின் தலைவர் தன் கூடத்தில் தண்ணீர் குடித்தபடியே செத்துப்போகிறார், தண்ணீரில் விஷம், கலந்தது யார் என்பது கதை. எங்கள் வீட்டில் ஒரு சாவா என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். சபைக் கமிட்டியில் இருக்கும் அப்பாவுக்கோ வீடு டி.வி.யில் வரும் என்ற பெருமை. "சும்மா நடிப்புத்தானே. சாவியவரும் ஆறு மணிக்கு எந்திச்சு சாயா குடிக்கப் போறாரு," என்றார். அத்தையிடம் மட்டும் தனியாகச் சொன்னார்: அவர்கள் போகிறவரை அடுக்களையை ஒட்டிய சாய்ப்பு அறையிலேயே இருந்துகொள், கூடத்துக்கு வராதே. அத்தை சரி என்றார். அவர் எதற்கும் சரி என்றுதான் சொல்வார்.

நான் வடசேரியில் என் வீட்டிலிருந்து, வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வேடிக்கை பார்க்கப் போய்விடுவேன். படப்பிடிப்பில் ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நாற்பதைத் தாண்டிய ஓர் உதவி இயக்குநர் இருந்தார், மெட்ராஸ்காரர், கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஒரு காட்சி முடிந்ததும் கூடத்தின் எல்லா மூலைகளையும் போனில் படம் எடுத்துக்கொள்வார். மறுபடி எடுக்கும்போது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். நாற்காலி ஒரு சாண் நகர்ந்தாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றார். நாள் முழுக்க எக்ஸ்ரே எடுத்து எலும்பில் மயிரிழைக் கீறல் தேடுகிறவளுக்கு இது புரியாதா. இரண்டு நாளில் நானும் அவரும் சிநேகிதமாகிவிட்டோம். மூன்றாம் நாள் அவர் முகம் வெளிறியிருந்தது. கொலை நடந்த நேரம் என்று ஒன்பது மணியில் நிறுத்தி வைத்த கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கொலை என்று காலண்டரில் வெள்ளிக்கிழமைத் தாளை வைத்தால் அது செவ்வாய்க்கிழமையாகிவிடுகிறது. செத்தவர் உட்கார்ந்திருந்த நாற்காலி சுவரைப் பார்த்து இருந்தது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. எல்லாரும் முற்றத்துப் பந்தலில் சாப்பிடுகிற நேரத்தில் ஆளில்லாத கூடத்தில் யார் இதையெல்லாம் செய்வது?

யூனிட்டில் பேச்சுப் பரவிவிட்டது. இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது. மேக்கப் போடுகிற பெண் தனியாகக் கூடத்துக்குள் வர மறுத்தாள். செத்தவராக நடித்தவர் கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டார். பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்றார்கள். "இது செபம் பண்ணிய வீடாக்கும், உள்ள உடைக்கப்பிடாது," என்று அப்பா தடுத்து, கடைசியில் ரோட்டில் வைத்து உடைக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுக்களைக்கு ஓடிப் போய், "அம்மா, நம்ம அத்தையப் பேயாக்கிட்டாங்க, போய்ச் சொல்லிருவோம்," என்றேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "பேயின்னு நெனச்சா நெனச்சிட்டுப் போட்டும். பேயிருக்க வீடுன்னா ஆளுவ சிரிச்சிட்டு விட்டிருவாங்க. மத்ததுக்கு ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க மக்கா. தங்கச்சிக்கு ஒண்ணு அமையிற வரைக்கும் வாய மூடிட்டு இரி." சாய்ப்பு அறையின் கதவு திறந்துதான் இருந்தது. அத்தை கட்டிலில் உட்கார்ந்து வாட்ச்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கிர்கிர் சத்தம் நின்று, பிறகு மறுபடி கேட்டது.

நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவைக் குறை சொல்லி எழுதுவது எளிது. அம்மாவின் கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. அத்தையைவிடப் பேய் தேவலை என்று நாங்கள் நான்கு பேரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டோம். அந்த உதவி இயக்குநரை மட்டும் நினைத்தால் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. கவனமில்லாதவர் என்று இயக்குநர் எல்லார் முன்னாலும் அவரை ஏசினார். போனில் எடுத்த படங்களை என்னிடம் காட்டி, "நீங்களே சொல்லுங்க மேடம், நான் சரியாத்தானே வெச்சேன்," என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றேன். பாதியிலேயே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது எங்கள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

தொடர் ஒளிபரப்பானபோது அப்பா அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூட்டி வைத்திருந்தார். எந்தக் கூடத்தில் கொலை நடந்ததோ அதே கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். தன் வீட்டைத் திரையில் பார்ப்பது ஒரு விசித்திரமான அனுபவம். அது நம்முடையதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் சுத்தமாகவும் தெரிகிறது. செத்தவர் செத்தார். பெண் போலீஸ் அதிகாரி வந்தாள். வாசலில் நின்று எல்லாரையும் முறைத்து, "இந்த அறையில இருக்கிற எந்தப் பொருளையும் யாரும் தொடக் கூடாது," என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள், அவள் தோளுக்குப் பின்னால், மேசையின் இடது பக்கமிருந்து ஒரு கை வந்தது. மெல்லிய, சுருக்கம் விழுந்த கை. விஷத் தம்ளரை எடுத்துக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் அதே கை திரும்ப வந்து, கழுவின தம்ளரை அதே இடத்தில் கவிழ்த்து வைத்தது. வைத்துவிட்டு, மேசையில் சிந்தியிருந்த ஒரு சொட்டுத் தண்ணீரைச் சுண்டுவிரலால் துடைத்தது. மணிக்கட்டில், முகப்பு உள்பக்கமாகத் திரும்பிய ஒரு பழைய வாட்ச்.

அந்த மேசை அடுக்களைக் கதவை ஒட்டிக் கிடந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்ததா இல்லையா என்று அத்தைக்கு எப்படித் தெரியும். எல்லாரும் நடிகையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருத்தரும் கையைப் பார்க்கவில்லை, பின்னால் வெட்டி ஒட்டியவர்களும் பார்க்கவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் ஒரு நொடி திகைத்து, பிறகு கூரை ஓடு குலுங்கச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "இது நம்ம..." என்று தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "அந்தத் தண்ணிக்குள்ள ஈ விழுந்து கெடந்துது. யாராவது எடுத்துக் குடிச்சிட்டா?" என்றார், யாரோ தன்னைக் குற்றம் சொன்னது மாதிரி. பிறகு மெதுவாக முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

அடுத்த சில நாட்களில் அந்தக் கை எங்கும் போய்விட்டது. போலீஸ் அதிகாரியின் வசனமும் பின்னால் வந்த கையும் சேர்ந்த துண்டு எல்லார் போனிலும் ஓடியது. கடிகாரம், காலண்டர், நாற்காலி என்று தொடரின் ஓட்டைகளையெல்லாம் அடுக்கி, கடைசியில் இந்தக் கையைக் காட்டி, இதுதான் உண்மையான கொலையாளி என்று ஒருவன் விளக்கமாகப் பேசி வெளியிட்டிருந்தான். என் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள்கூடப் பார்த்துச் சிரித்தார்கள். நன்றாகத்தான் பேசியிருந்தான். வேறு வீடாக இருந்திருந்தால் நானே நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன்.

அந்த வாரத்தில்தான் தங்கையைப் பார்க்கத் தக்கலைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். நல்ல குடும்பம், பையனுக்கு நல்ல வேலை, தங்கைக்கு அவனைப் பிடித்திருந்தது. இரண்டு வரன் ஏற்கெனவே காரணம் சொல்லாமல் தட்டிப்போயிருந்தது. காரணம் என்ன என்று எங்களுக்குத் தெரியும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அத்தையை ஆரல்வாய்மொழிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல், அதனால் சாய்ப்பு அறையில் இருந்தார். பையனின் அம்மா தையல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம். பேச்சுவாக்கில் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இங்க வச்சுத்தான் அத எடுத்ததா? வீட்டுல எல்லாரும் சிரிச்சு வயிறு நொந்து போச்சு. அந்தக் கை ஆருக்கதாக்கும்?" என்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருடம் பேசினவருக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அம்மா தரையைப் பார்த்தாள். தங்கை என்னைப் பார்த்தாள். நான், எதற்கும் பதில் வைத்திருக்கிறவள், போனில் ஏதோ வந்த மாதிரி குனிந்துகொண்டேன். அப்போது அடுக்களைக் கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தார். கையில் சாயாத் தட்டு. காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. முதலில் பையனின் அம்மாவிடம் போய்க் குனிந்து தட்டை நீட்டினார். "அது ஷூட்டிங்குக்கு வந்தவளுக்க கையாக்கும் அம்மா. நான் இங்க அடுக்களையில சகாயத்துக்கு நிக்கியவ, பாத்தேன்," என்றார். தெளிவாக, நிதானமாக. அந்த அம்மா அத்தையைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அப்பிடியா?" என்றார். சாயாவை எடுத்துக்கொண்டார். அத்தை எங்கள் ஒவ்வொருவருக்கும் தட்டை நீட்டினார். என் முறை வந்தபோது பார்த்தேன், கையில் வாட்ச் இல்லை. நானும் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டேன். அதைக் குடிக்கவும் செய்தேன்.

அன்று ஒருவராவது, இல்லை, இது எங்கள் அத்தை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு மூச்சு போதும். நாங்கள் சொல்லவில்லை என்பதோடு, அவர்கள் கார் ஏறிப் போன பிறகு, அப்பா நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்ததையும் அம்மா, "கர்த்தர் காத்தாரு," என்றதையும் நான் பார்த்தேன். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அத்தை கோப்பைகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். தங்கைதான் போய்ப் பின்னாலிருந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏட்டி, நல்ல காரியம் நடக்கப் போற வீட்டுல கரையப்பிடாது. தள்ளு, கோப்பை விழுந்து போவும்," என்றார் அத்தை. அந்தக் கல்யாணம் நடந்தது. கல்யாண மண்டபத்துக்கு அத்தை வரவில்லை. வீட்டுக்குக் காவல் வேண்டும் அல்லவா.

அப்பா அதோடு விடவில்லை. தொடரின் தயாரிப்பு நிர்வாகியைக் கூப்பிட்டு, குடும்பத்துக்குச் சங்கடமாக இருக்கிறது, அந்தக் கையை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்களுக்கும் கேலி அலுத்துவிட்டது போல. பின்னால் இணையத்தில் போட்டபோது கை வருகிற சில நொடிகளை வெட்டிவிட்டார்கள். இப்போது தம்ளர் நிமிர்ந்து நிற்கிறது, உடனே கவிழ்ந்து நிற்கிறது. கை இருந்தபோது குறைந்தபட்சம் நடந்தது என்னவென்று பார்க்கிறவருக்குத் தெரிந்தது: யாரோ வந்தார், கழுவினார், வைத்தார். கையை எடுத்த பிறகு ஒன்றுமே புரியாது.

ஒருமுறை சொன்ன பொய்யை அதன் பிறகு காப்பாற்ற வேண்டியிருந்தது. சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் அத்தை சகாயத்துக்கு நிற்கிறவராகவே இருந்தார். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தங்கையின் மாமியார் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் துணி எடுத்து வருவார். அம்மாவுக்கு எடுக்கிற அதே தரத்தில், அதே கடையில், அத்தைக்கும் ஒரு சேலை இருக்கும். வேலைக்காரிக்கு இவ்வளவு நல்ல சேலையா என்று நாங்கள் அவருடைய தாராளத்தை மெச்சிக்கொண்டோம். ஓட்டை கண்டுபிடிப்பதில் பேர் வாங்கின எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

அத்தை போன ஆடியில் இறந்தார். தூக்கத்திலேயே. அறிவிப்புத் தட்டியில் போட ஒரு படம் தேடினோம். வீடு முழுக்கத் தேடி, கடைசியில் ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினார்கள். அது யாரோ பயந்துபோன ஒரு பெண்மணியின் முகம். துக்கத்துக்கு வந்த தங்கையின் மாமியார் பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு என்னை வெளியே அழைத்து வந்தார். காற்றில் பந்தல் துணி அடித்துக்கொண்டே இருந்தது. "உங்க அத்தைன்னு எனக்கு அண்ணைக்கே தெரியும் மக்கா," என்றார். "நாட்டுல விசாரிக்காமலா பெண்ணு பாக்க வருவோம்? ஆஸ்பத்திரியில கெடந்தது வரைக்கும் தெரிஞ்சுதான் வந்தோம். எங்களுக்கு அது ஒரு காரியமாத் தோணல்ல. சாயா தந்த கையில வாச்சு கெட்டின எடம் வெளுத்துக் கெடந்துது. நீங்க ஆராவது சொல்லுவிய, சொல்லுவியன்னு பாத்துட்டே இருந்தேன். பின்ன, நானா எப்பிடிக் கேக்கியது? அந்த அம்மையே சொன்னதுக்குப் பொறவு?"

அவர் போய் உட்கார்ந்த பிறகும் முற்றத்திலேயே நின்றேன். எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை எங்களுக்காக அத்தை மறைத்திருக்கிறார். மறைக்க வேண்டிய தேவையே இல்லாததை. ஆத்திரப்பட யாராவது கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மாள் நல்லவர், பையன் நல்லவன், எங்கள் அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது. வெட்கத்தை வைத்துக்கொண்டு நான்தான் நிற்க வேண்டியிருந்தது. இன்றும் அந்த வெட்கம் குறையவில்லை. பஸ்ஸில் போகும்போது, பல் தேய்க்கும்போது, சம்பந்தமே இல்லாமல் அந்தச் சாயாத் தட்டு வந்து எனக்கு முன்னால் நிற்கும், முகம் சூடாகிவிடும்.

ஆனாலும் சென்ற வாரம் அந்தப் பெஞ்சில் நான் மறுபடி சிரித்தேன். அத்தை இல்லை, தங்கைக்கு இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன, பயப்பட ஒன்றுமே மிச்சமில்லை. அப்படியும் வாய் வரவில்லை, பழக்கம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பழைய துண்டு எங்காவது கிடக்கிறதா என்று போனில் தேடினேன். கை இருக்கிற அந்தத் துண்டு. ஒரு காலத்தில் எல்லார் கையிலும் இருந்தது, இப்போது எங்கும் இல்லை. அத்தை அத்தையாக, தனக்குப் பிடித்த வேலையைச் செய்துகொண்டு, அசைகிற படம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. அதையும் நாங்கள் கேட்டுக் கேட்டு அழித்திருக்கிறோம்.

மறுநாள் மதியம் நானே அந்த நர்ஸைத் தேடிப் போனேன். சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நேத்து காட்டினியே, அந்தத் தம்ளர், அத ஒருக்கா எடு," என்றேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தோம். தம்ளர் நிமிர்ந்து நின்றது. அந்தப் பெண் பேசினாள், திரும்பினாள். தம்ளர் கவிழ்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் மேசையில், துடைத்த இடம் இன்னும் கொஞ்சம் ஈரமாக மின்னியது. அதை அவர்கள் வெட்டவில்லை.

"இதக் கவுத்தது எங்க அத்தை," என்றேன். குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. மறுபடி, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "எங்க அப்பாக்க தங்கச்சி."

அவள் கண்ணை விரித்து என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "உள்ளதா அக்கா? அப்பம் கொலைகாரி அவங்கதானா?"

"இல்ல மக்கா," என்றேன். "அது அவங்க வீடு."